4,800 வெள்ளி போச்சு: "சூடேற்றிய" பால்மர (ரப்பர் மர) பலகை வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று சாயங்காலம் முன்வாசல் பலகை உடைந்து அப்பாவின் கால் உள்ளே இறங்கிவிட்டது, கணுக்கால் வரை. சிராய்ப்போடு போனது கடவுள் புண்ணியம். என் கை இன்னும் நடுங்குகிறது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் வீடு திருத்துகிறவர்கள் யாரும் என்னைப் போல 4,800 வெள்ளியைக் கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது.

பெரிய சாலை ஓரத்தில் மரச்சாமான் விற்கும் கடை. பெயர் வேண்டாம்.

அப்பா முப்பது வருடம் பால் வெட்டியவர். "பால்மரத்தை மழையில் போடாதேப்பா, சீக்கிரம் உளுத்துடும்" என்று முதலிலேயே சொன்னார். உண்மைதான். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துச் சும்மா போட்டால் சில நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், அப்புறம் வண்டு துளைக்கும். அதனால்தான் ஆலையில் அறுத்த கையோடு பலகையை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, போரான் மருந்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். அதுவும் வீட்டுக்குள் போடும் மேசை நாற்காலிக்குத்தான் சரி. வெளியே போட்டால் மழை அந்த மருந்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

கடைக்காரர் விடவில்லை. "அண்ணே, இது 200 டிகிரியில் சூடேற்றி, விஷமில்லாத மருந்தும் ஏற்றின மரம். வெயில், மழை எதுவும் அசைக்காது." கருப்பட்டி நிறத்தில் ஒரு துண்டைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். நாங்கள் தேநீர் குடித்து முடித்த பிறகு எடுத்துத் துடைத்துக் காட்டினார், உப்பவே இல்லை. லேசாகக் கருகல் வாசனை வேறு. அப்பாவிடம், "ஐயா, நீங்க பால் வெட்டின மரம், இனி உங்க வாசலுக்கே வருது" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் பணத்தை எடுத்தேன். 4,800 வெள்ளி, மொத்தமும் ரொக்கமாக.

நாலே மாதம். காலையில் வாசல் கூட்டினால் பலகைக்குக் கீழே முகப்பவுடர் மாதிரி தூள். மேலே குண்டூசி முனை அளவு ஓட்டைகள்.

மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான் வந்திருந்தார். மழை படாமல் உள்ளே வைத்திருந்த மிச்சப் பலகையை அறுத்தார். வெளியே கருப்பட்டி, உள்ளே வெளிறிய பால் நிறம்! உண்மையாகவே சூடேற்றிய மரம் நடு வரைக்கும் பழுப்பாக இருக்குமாம். பிறகு சாராயத்தில் கரைத்த மஞ்சளைத் தடவி, மேலே அமிலம் விட்டார். போரான் இருந்தால் சிவக்கும். ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். நடுவெல்லாம் வெறும் மஞ்சள். சாயம் பூசி, மருந்தைத் தூரிகையால் தடவித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "ஆள் அனுப்புறேன்". அடுத்த வாரம் "முதலாளி வெளியூர்". அதற்கடுத்து, "நீங்க எண்ணெய் பூசாம விட்டதுதான் காரணம்". எண்ணெய் பூச வேண்டும் என்று யார் சொன்னார்கள்? படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், அதே தம்ளர், அதே துண்டு, வேறொரு குடும்பம் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறது. என்னை வாசலிலேயே நிறுத்தி, "தீபாவளி முடியட்டும் அண்ணே" என்றார். 4,800 வெள்ளி!

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. காட்டும் துண்டை நம்பாதீர்கள். உங்களுக்கு வரும் பலகையில் ஒன்றை உங்கள் கண் முன்னால் அறுக்கச் சொல்லுங்கள். நிஜமாகச் சூடேற்றிய மரம் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் பலமும் குறைந்துவிடும். பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. கரையானும் அதை விட்டுவைக்காது. அப்புறம், ரசீது. என்னுடையதில் "பலகை" என்று மட்டும் இருக்கிறது. என்ன மரம், என்ன பதம், வெளியே போடலாமா என்று எழுதி வாங்குங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கோரலாம். திங்கட்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன். அறுத்த பலகையும் என்னோடு வருகிறது.