அருகுலாவோடு நாலு மார்கழி

ஷார்ஜாவில் வேலை பார்த்த நாட்களில், மீன் கடையில் பொரித்த மீனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாகவே தட்டில் வைத்துவிடுவார்கள். அரபியில் ஜர்ஜீர். முதல் நாள் ஒதுக்கி வைத்தேன். மூணு மாசத்தில் மீனுக்கு முன்னால் கை அதற்குத்தான் போனது. ஊர் திரும்பி, கோயம்புத்தூரில் ஒரு கடையில் ‘அருகுலா’ என்று பிளாஸ்டிக் டப்பாவில் அதே கீரையைப் பார்த்து ஆசையாக வாங்கி வந்தால், அடியில் பாதி இலை அழுகிக் கிடந்தது. நாமே போட்டுக்கொள்ளலாம் என்று மொட்டை மாடிக்குப் போனது அப்படித்தான். இப்போது நாலு பனிக்காலம் முடிந்துவிட்டது.

முதல் தடவை ஆர்வக்கோளாறில் ஏப்ரலில் விதைத்தேன். மூணாம் நாளே முளைத்து என்னை ஏமாற்றியது. நாலைந்து வாரத்துக்குள், இலை சுண்டுவிரல் நீளம்கூட வராத நிலையில், நடுவிலிருந்து பூக்குச்சி கிளம்பிவிட்டது. அந்த இலையைக் கடித்ததற்கு வேப்பங்கொழுந்தே தேவலாம். மண் சரியில்லையோ, உரம் பத்தவில்லையோ என்று இன்னும் ரெண்டு தடவை அதே கோடையில் போட்டுத் தோற்றேன். கோளாறு மண்ணில் இல்லை. இது கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி. 15, 20 டிகிரி குளிரில் நிம்மதியாக இலை விடும். வெயில் ஏறி, பகலும் நீண்டுவிட்டால் சாகுமுன் விதை வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படும். நம் ஊரில் இதை வருஷம் முழுக்க வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஊட்டியில் இருக்க வேண்டும்.

என் கணக்கு இப்போது இதுதான். தீபாவளி முடிந்து மழை கொஞ்சம் அடங்கியதும் முதல் விதைப்பு. அடைமழையில் விதைத்தால் நாற்று தண்டடியில் நைந்து சாய்ந்துவிடும். ரெண்டாம் வருஷம் மண் நிரப்பி விதைத்த செடிப் பை ஒன்று முழுக்கப் போனது. அதற்கப்புறம் பத்து நாளைக்கு ஒரு பையாக, தை கடைசி வரை. மார்கழியில்கூட இங்கே பகலில் 29, 30 டிகிரி வந்துவிடுகிறது. அதனால் பைகளைத் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் வைத்தேன்: காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்கு மேல் தொட்டி நிழல். நிழல்வலைக்குக் காசு செலவழித்ததைவிட இந்த இடமாற்றம்தான் நல்ல பலன் தந்தது.

பை ஆழமாக இருக்கத் தேவையில்லை, அகலம்தான் முக்கியம். முக்கால் அடி உயரம் தாராளம். செம்மண் ரெண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. விதையைக் கடுகு தாளிக்கிற மாதிரி அள்ளிப் போட்டுவிடாமல், மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும். பூவாளியில் காலையில் ஒரு தண்ணீர். மண் ஒரு நாள் காய்ந்தாலும் இலையில் காரம் ஏறிவிடும்.

விதை பற்றி ஒரு புலம்பல். நூறு விதை எண்ணிப் போட்ட ‘இத்தாலியன்’ பாக்கெட்டை இணையத்தில் வாங்கினேன். இருபதுகூட முளைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ராஜஸ்தான், ஹரியானா பக்கம் எண்ணெய்க்காக விளைவிக்கிற தாராமிராவும் இதே இனம் என்று. நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த ஒரு டம்ளர் விதை ரெண்டு வருஷம் ஓடியது. ஆனால் இலை சின்னது, கொஞ்சம் சுணை, காரமும் தூக்கல். சாலட்டுக்குப் பாக்கெட் ரகம், துவையலுக்குத் தாராமிரா என்று பிரித்துக்கொண்டேன்.

பூச்சியில் உண்மையான தலைவலி ஒன்றுதான். கடுகு அளவில் கறுப்பு வண்டு. கை கிட்டே போனால் தத்திக் குதிக்கும். இலை முழுக்க ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை போடும். பச்சையாகத் தின்கிற இலையில் வேப்பெண்ணெய் அடித்தால் நாலு நாள் வாயில் அதுதான் மணக்கும். விதைத்த அன்றே கொசுவலைத் துணியால் பையை மூடிவிடுகிறேன். ஓட்டை விழுந்தால் விழட்டும், ருசி குறையாது.

25ஆம் நாள் வாக்கில் முதல் அறுப்பு. விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன்னால் கத்தரிக்கோலால் வெளிப்பக்க இலைகளை மட்டும், குருத்தைத் தொடாமல். ஒரு பைக்கு ஒரு தடவைக்கு 80, 90 கிராம் வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் மறு அறுப்பு. மூணுக்கு மேல் ஆசைப்படக்கூடாது, நாலாவது இலை தோலாக இருக்கும்.

பத்திரப்படுத்துவதில்தான் ரொம்பப் பாடுபட்டேன். கழுவின ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தது ரெண்டே நாளில் கொழகொழத்தது. செய்தித்தாளில் சுற்றியது பரவாயில்லை, ஆனால் இலையில் அச்சு மை. கொத்தமல்லி மாதிரி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் மூணு நாள். நிழலில் உலர்த்திப் பொடித்தால் வெறும் வைக்கோல் வாசம். இதன் காரம் இலையைக் கடிக்கும்போது, நசுக்கும்போதுதான் பிறக்கிறது. காய்ந்தாலும் வெந்தாலும் போய்விடும். கடைசியில் நின்றது இந்த வழி: கழுவாமல் வைப்பது. கழுவியே ஆக வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, பால்கனியில் நின்று கையைச் சுழற்றி உதறி (எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஒருமாதிரிதான் பார்க்கிறார்), ஈரம் போனதும் உலர்ந்த துணி விரித்த டப்பாவில் தளர்வாகப் போட்டு ஃபிரிட்ஜில். ஒரு வாரம் தாங்கும். பக்கத்தில் வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி கூடாது. அவை விடுகிற எத்திலீன் வாயுவில் இலை மஞ்சளாகிறது.

மிஞ்சினால் வறுத்த வேர்க்கடலை, பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்து அரைத்து ஐஸ் டிரேயில் உறைய வைக்கிறேன். தோசைக்கு ஒரு கட்டி. அம்மா முதலில் வாயில் வைத்ததும், “என்ன கண்ணு இது, முள்ளங்கித் தழையைக் கடிச்ச மாதிரி இருக்குது” என்றார். இப்போது தயிர்ப் பச்சடிக்கு அவரே மாடியேறிப் பறித்து வருகிறார். அப்பாவுக்கு மட்டும் அளவோடுதான். அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், இந்தக் கீரையில் வைட்டமின் கே அதிகம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறோம்.

மாசியில் பூக்குச்சி வந்ததும் இப்போதெல்லாம் பிடுங்குவதில்லை. நாலிதழ்ப் பூ, வெளிர் மஞ்சளில் ஊதா நரம்பு, அதையும் தின்னலாம். ஒரே செடியை விட்டால் காய் சரியாகப் பிடிக்காது, மகரந்தம் வேறு செடியிலிருந்து வரவேண்டும். ஆறேழு செடியைச் சேர்த்து விட்டபோது கொசுத்தேனீ கூட்டமாக வந்தது. காய் பழுப்பானதும் தண்டோடு அறுத்துக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். இந்த வருஷம் அரை டம்ளர் விதை, காபித்தூள் டப்பாவில், கொஞ்சம் அடுப்புச் சாம்பலோடு இருக்கிறது. டப்பா மேல் அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘அருகுலா. தாளிக்க எடுக்காதே.’