சூப்பர்டார்ன் மின்புல வரைபடம்: அம்புக்குறி இருக்கும் இடத்தை நம்பலாம்

துருவ ஒளி தோன்றும் அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த பகுதி) மின்புலம் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது சூப்பர்டார்ன் என்ற பன்னாட்டு ரேடார் வலையமைப்பின் தரவுச் சேவையைத்தான். 1983இல் கனடாவின் கூஸ் பேயில் ஒற்றை ரேடாராகத் தொடங்கிய வேலை, இன்று வட, தென் பகுதிகளைச் சேர்த்து 30க்கு மேல். பொதுவாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரைபடம், பல ஆண்டுத் தரவு, காசு கேட்பதில்லை.

அளக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறார்கள். பிளாஸ்மாவின், அதாவது அங்குள்ள அயனி-எலக்ட்ரான் வாயுவின், கொந்தளிப்பால் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நீண்டு கிடக்கும் அடர்த்தி ஏற்ற இறக்கங்களில், அலைநீளத்தில் பாதி அளவு இருப்பவை, அதாவது 10 மெகாஹெர்ட்ஸுக்கு 15 மீட்டர் அளவுள்ளவை, அதைத் திருப்பி அனுப்புகின்றன. அயனி மண்டலத்தின் மேல் அடுக்கான எஃப் அடுக்கில் இவை பிளாஸ்மாவோடு சேர்ந்தே நகர்வதால் டாப்ளர் வேகத்திலிருந்து (எதிரொலியின் அதிர்வெண் மாற்றம் காட்டும் வேகம்) மின்புலத்தைக் கணக்கிட்டுவிடலாம்: நொடிக்கு 1000 மீட்டர் என்றால் மீட்டருக்குச் சுமார் 50 மில்லிவோல்ட்.

சரி, குறையும் இதிலேயே இருக்கிறது. கொந்தளிப்பு இல்லையென்றால் எதிரொலியும் இல்லை, அந்த இடத்தைப் புள்ளியியல் மாதிரி நிரப்பிவிடும், ஆனால் மின்னழுத்தக் கோடுகள் படம் முழுக்க ஒரே அழகோடு ஓடுவதால் எது அளந்தது எது ஊகித்தது என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. அளந்த வேகத்தைக் காட்டும் அம்புக்குறிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், அப்புறம் கோடுகளைப் படியுங்கள். பெரிய காந்தப்புயலின்போது கீழ் அடுக்கு அலையை உறிஞ்சிக்கொள்வதால் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அளவீட்டுப் புள்ளிகள் குறைந்துபோவது உண்மையிலேயே வருத்தம்.

கொந்தளிப்பையே ஆராய வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், எஃப் அடுக்குக்குக் கீழே இருக்கும் இ அடுக்கில், எலக்ட்ரான்கள் அயனி ஒலி வேகத்தைத் தாண்டி ஓடும்போது ஃபார்லி-புனெமன் நிலையின்மை என்ற ஒருவகைக் கொந்தளிப்பு கிளம்புகிறது. அங்கிருந்து வரும் எதிரொலியின் வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டரை ஒட்டியே நின்றுவிடுவதுண்டு, மின்புலம் எவ்வளவு ஏறினாலும். ரேடாருக்குப் பக்கத்திலிருந்து வரும் எதிரொலிகள் பெரும்பாலும் இந்த இ அடுக்கைச் சேர்ந்தவை, அவற்றை எஃப் அடுக்குக் கணக்கில் சேர்த்தால் விடை குறைவாகவே வரும். எதிரொலியின் நிறமாலை அகலத்தை (அதில் வேகங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) அப்படியே கொந்தளிப்பின் அளவாக எடுத்துக்கொள்வதையும் நான் ஏற்கமாட்டேன், அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பைடார்ன் என்ற பைதான் தொகுப்பு திறந்த மூலம், படம் வரைய அதுவே போதும். எலக்ட்ரான் அடர்த்தியும் வெப்பநிலையும் வேண்டுமென்றால் நார்வேயின் டிரோம்சோவிலுள்ள ஐஸ்காட் ரேடார் தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சூப்பர்டார்னில் அவை கிடைக்காது.