அமிலம் எது, காரம் எது? மூன்று கொள்கைகளின் ஒப்பீடு

ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் அம்மோனியா வாயுவும் கலக்கும் இடத்தில் அம்மோனியம் குளோரைடு வெண்புகையாகப் படர்கிறது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகும் வினைதான் இது. ஆனால் இதில் கரைப்பானாக நீர் தேவையில்லை, ஹைட்ராக்சைடு அயனி இல்லை, விளைபொருளாகவும் நீர் உண்டாவதில்லை. பாடநூல்கள் தரும் மூன்று வரையறைகளையும் எடைபோட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

1884-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் தொடங்கி ஸ்வீடன் வேதியியலாளர் அர்ஹீனியஸ் வளர்த்தெடுத்த கொள்கையின்படி, நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். நீர்த்த கரைசலில் எந்த வலிமைமிகு அமிலத்தை எந்த வலிமைமிகு காரத்தோடு சேர்த்தாலும் ஒரு மோல் நீர் உருவாகும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பமே வெளிப்படுவது ஏன் என்பதை இக்கொள்கை அழகாக விளக்கியது: பெயர்கள் வேறானாலும், உண்மையில் நடப்பது அவ்விரு அயனிகளும் இணைந்து நீராகும் ஒரே வினைதான். ஆனால் வெண்புகையின் முன் இக்கொள்கைக்குப் பதில் இல்லை. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு இல்லாததால், தனியே பிரித்தெடுக்க முடியாத அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்ற சேர்மத்தைக் காகிதத்தில் எழுதிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

டென்மார்க்கின் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லௌரியும் 1923-இல் தனித்தனியே முன்வைத்த கொள்கை அந்தச் சிக்கலை நீக்கியது. புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, வழங்குவது அமிலம், ஏற்பது காரம். வெண்புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வழங்குகிறது, அம்மோனியா ஏற்கிறது. என் பார்வையில் இக்கொள்கையின் பெரும் பலம் இணை அமில-கார இரட்டை (ஓர் அமிலமும், அது புரோட்டானை இழந்தபின் எஞ்சும் காரமும்) என்னும் கருத்து, ஏனெனில் அது கணக்கிடும் ஆற்றலைத் தருகிறது. 25 டிகிரி செல்சியஸில் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி (அது எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ ஒரு லட்சத்தில் 1.8 பங்கு என்பது தெரிந்தால், நீரின் அயனிப் பெருக்கத்தை (அதன் ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிச் செறிவுகளின் பெருக்குத்தொகையை) அதனால் வகுத்து அசிட்டேட் அயனியின் கார மாறிலியைப் பெறலாம்; சோடியம் அசிட்டேட் கரைசல் ஏன் காரத்தன்மை காட்டுகிறது என்பதும் அதிலேயே தெளிவாகும். மேலும், வலிமை என்பது அமிலத்தின் தனிக்குணம் அன்று, புரோட்டானை ஏற்கும் கரைப்பானையும் சார்ந்தது என்பதை இக்கொள்கையே உணர்த்தியது: நீரில் வலிமை குறைந்த அசிட்டிக் அமிலம் திரவ அம்மோனியாவில் வலிமை மிக்கதாகிறது, நீரில் ஒரே வலிமையோடு தோன்றும் பெர்குளோரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தூய அசிட்டிக் அமிலத்தைக் கரைப்பானாகக் கொள்ளும்போது வேறுபட்டு நிற்கின்றன.

அதே 1923-இல் அமெரிக்காவின் லூயிஸ், எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம், வழங்குவது காரம் என்றார். புரோட்டானே இடம்பெறாத போரான் டிரைஃபுளோரைடு – அம்மோனியா வினையும் இதனால் அமில-கார வினையாகிறது. போரிக் அமிலத்தைப் புரிந்துகொள்ளவும் இதுவே வழி: மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் இருந்தும், நீர்க்கரைசலில் அது தன் புரோட்டானை வழங்குவதில்லை, போரான் அணு நீரிலிருந்து ஹைட்ராக்சைடை ஏற்பதால் நீரின் புரோட்டானே விடுபடுகிறது. இந்த விரிவுக்கு ஒரு விலை உண்டு. லூயிஸ் அமிலங்களை வரிசைப்படுத்தப் பொதுவான ஒற்றை அளவுகோல் கிடையாது. எந்தக் காரத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே மாறும். 1963-இல் வேதியியலாளர் பியர்சன் வகுத்த கடின, மென் அமில-காரப் பாகுபாடு (எலக்ட்ரான் மேகம் எளிதில் உருக்குலையாதவை கடினம், உருக்குலைபவை மென்மை) இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஆகவே கரைசலின் பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) கணக்கிட வேண்டியவர் பிரான்ஸ்டெட்–லௌரியையும், வினைவழிமுறையை ஆராய்பவர் லூயிஸையும் நாடுவதே பொருத்தம். ஆனால் பின்வந்த கொள்கை முன்னதை ரத்து செய்துவிட்டதாகக் கருதுவது தவறு. அலுமினியம் குளோரைடை நீரில் கரைத்துப் பாருங்கள், லூயிஸ், பிரான்ஸ்டெட்–லௌரி, அர்ஹீனியஸ் என மூன்று கொள்கைகளும் அடுத்தடுத்து வெளிப்படும்: அலுமினியம் அயனி ஆறு நீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான் இரட்டைகளை ஏற்கிறது, அதனால் அம்மூலக்கூறுகளின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு தளர்ந்து, ஒரு புரோட்டான் சுற்றியுள்ள நீருக்குப் போகிறது, கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு உயர்ந்து, நீல லிட்மஸ் சிவப்பாகிறது.