பாலக்காடு இந்தியன் காஃபி ஹவுஸ்: டிகிரி காபி குடிச்சு வளந்தவங்களுக்கு ஒரு ரிவ்யூ

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துலேர்ந்து பாலக்காடு பக்கத்துல இருக்கற கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வர்றவங்க வீடு பாத்த கையோட கேக்கறது, இங்க நல்ல காபி எங்க கிடைக்கும்னுதான். நானும் கும்பகோணத்துக்காரன்தான், அதனால உரிமையோட சொல்றேன், பாலக்காடு டவுன்ல இருக்கற இந்தியன் காஃபி ஹவுஸுக்கு போங்க, ஆனா டபரா டம்ளர்ல நுரை தளும்ப வரும்னு எதிர்பாத்து போகாதீங்க.

இங்க ரோட்டோர கடையெல்லாம் சாயாவுக்குன்னே இருக்கற கடை. சமோவார்ங்கற பெரிய பாய்லர்ல வெந்நி கொதிச்சிட்டே இருக்கும், துணி வடிகட்டில தேயிலைய போட்டு ஊத்தி கைய ஒசத்தி ஒரு ஆத்து ஆத்தி கண்ணாடி கிளாஸ்ல குடுப்பாங்க பாருங்க, அதோட சூடா ஒரு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி), அத அடிச்சுக்க ஆளே இல்ல. அதே கடையில காபி கேட்டா பெரும்பாலும் இன்ஸ்டன்ட் பொடிதான். அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நாள் முழுக்க சாயா கேக்கற ஊர்ல யாரு டிக்காஷன் இறக்கி வச்சிட்டு உக்காந்திருப்பா? ஹைவே ஓரத்துல ஒரு ஹோட்டல்ல பில்டர் காபின்னு போர்டே மாட்டிட்டு இன்ஸ்டன்ட்ட கலக்கி குடுத்தாங்க, அதுக்குத்தான் எனக்கு நெஜமா கோவம் வந்துச்சு.

காஃபி ஹவுஸ்ல வெள்ளை யூனிஃபார்ம், இடுப்புல பட்டை, விசிறி மடிப்பு தலைப்பாகையோட சேட்டன் வந்து பீங்கான் கப்புல காபி வைப்பார். நம்ம ஊரு கெட்டி இருக்காது, லைட்டா இருக்கும், ஆனா இறக்குன காபியோட வாசனை சுத்தமா இருக்கும். கூடவே கட்லெட் கட்டாயம் சொல்லுங்க. மேல பிரெட் தூள் மொறுமொறுன்னு இருக்கும், ஃபோர்க்கால பிளந்தா உள்ள செக்கச்செவேல்னு பீட்ரூட்டு ஆவி பறக்கும், பக்கத்துல நறுக்குன வெங்காயமும் தக்காளி சாஸும். அந்த மிளகு காரத்துக்கு மேல இந்த லைட் காபிதான் சரியா எறங்குது, கெட்டி காபின்னா ரெண்டும் முட்டிக்கும். மசால் தோசைக்குள்ளயும் பீட்ரூட்டுதான், அது மட்டும் எனக்கு இன்னும் ஒட்டல.

மத்திய அரசோட காபி போர்டு நடத்திட்டிருந்த கடைங்கள 1950கள்ல மூடினப்போ வேலை போன தொழிலாளிங்களே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முயற்சியில கூட்டுறவு சங்கமா சேந்து ஆரம்பிச்சதுதான் இது, கேரளாவுல முதல் கடை 1958ல திருச்சூர்ல. தனி முதலாளின்னு யாரும் கிடையாது. ஒரு காபிய வச்சிட்டு பேப்பர் முழுசா படிச்சாலும் யாரும் மொறைக்க மாட்டாங்க, எனக்கு இந்தக் கடை மேல இவ்ளோ பிரியம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

காலை முதல் காபி மட்டும் வீட்டுலயே போட்டுக்கோங்க. அதுக்கு ஊர்லேர்ந்து பொடி பார்சல் வேண்டாம், கல்பாத்தி அக்ரஹாரத்துல தலைமுறை தலைமுறையா தமிழ் குடும்பங்க இருக்கற ஊரு இது, வறுத்து அரைச்சு தர்ற கடைய அங்க யார கேட்டாலும் காட்டுவாங்க. வயநாடு ரொபஸ்டா காபிக்கொட்டைக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, பீபரியோட (ஒத்தை மணியா உருண்டையா இருக்கற காபிக்கொட்டை) அத கொஞ்சம் கலக்க சொல்லுங்க, டிக்காஷன் தானாவே கெட்டியா எறங்கும், அதனால சிக்கரிய பாதியா குறைச்சுக்கலாம். ரொபஸ்டாவுல கஃபீன் மட்டும் அரபிகாங்கற இன்னொரு காபி வகைய விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ராத்திரி தூக்கம் வராதவங்க சாயந்திரம் அந்தப் பொடிய தொடாதீங்க.

குடும்பத்தோட காஃபி ஹவுஸ் போறவங்க சாயந்திரம் நாலு மணிக்கு முன்னாடியே போயிடுங்க. நவம்பர்ல கல்பாத்தி தேர் சமயத்துல டவுனே நெரியும், அப்ப காலையில போறதுதான் நல்லது.