அணி நிர்வாகத் தலைமை: ஆட்டக்களம் வழியா, அலுவலகம் வழியா?

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியை நடத்தும் கனவுக்கு இரண்டு பாதைகள்.

தொடக்கம்
ஜோ டூமார்ஸ்: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர், 1989, 1990 சாம்பியன்.
சாம் பிரெஸ்டி: 2000இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அலுவலகத்தில் இன்டர்ன் (வேலை பழகுநர்).

காலம்
டூமார்ஸ்: 1999இல் ஓய்வு, 2000இல் தலைமைப் பொறுப்பு.
பிரெஸ்டி: ஏழு ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 30 வயதில் சியாட்டில் அணியின் பொது மேலாளர்.

பலன்
டூமார்ஸ்: 2004 கோப்பை. ஆனால் 2003 டிராஃப்டில் (அணிகள் புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பின்னாளில் நட்சத்திரமான டுவைன் வேட் என்பவரை விட்டு டார்கோ மிலிசிச்சை எடுத்தது பெரிய இழப்பு. களத்தில் பெற்ற அனுபவம் இளைஞர்களை எடைபோடும் திறனைத் தானாகத் தந்துவிடாது.
பிரெஸ்டி: அணி ஓக்லஹோமா சிட்டிக்கு மாறிய பிறகும் நீடித்தார், கோப்பை 2025இல்தான். அத்தனை பொறுமையுள்ள உரிமையாளர்கள் அரிது.

நட்சத்திர ஆட்டக்காரருக்கு முதல் பாதை. இடையில் சில ஆண்டுகள் திறன்தேடும் பணியும் செய்தால் நல்லது. மற்ற அனைவருக்கும் இரண்டாவது.