டிம்பர் சிக்கமோர்: சரக்கு நல்லது, கடையை மூடிய விதம் மோசம்

சிரியாவில் அசாத் அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாக ஆயுதமும் பயிற்சியும் தந்த திட்டம் இது. 2013-ல் ஒபாமா ஒப்புதலோடு தொடங்கியது, 2017-ல் டிரம்ப் மூடினார். பணத்தில் சவுதிக்குப் பெரிய பங்கு. கொள்கைச் சண்டையை ஒதுக்கிவிட்டு, வாங்கியவர் பக்கம் நின்று ஒரு சேவையாக மட்டும் எடைபோடுவோம்.

முதலில் சரக்கு. டாங்கியை உடைக்கும் அமெரிக்க டோ ஏவுகணையைக் குறை சொல்ல வழியில்லை. முக்காலியில் வைத்துச் சுட வேண்டும். ஏவுகணைக்குப் பின்னால் மெல்லிய கம்பி விரிந்துகொண்டே போகும். அடிக்கும்வரை சுட்டவர் குறியை இலக்கைவிட்டு நகர்த்தக் கூடாது. எட்டும் தூரம் 3,750 மீட்டர். முழுத் தூரம் போக ஏறக்குறைய 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியும் அவர் எதிரியின் பார்வையில்தான். இத்தனைக்கும் 2015-ல் ஹமா, இத்லிப் பக்கம் டாங்கிகளைத் திணறடித்தது இதுவே. விமானத்தை வீழ்த்தும் தோள் ஏவுகணையை மட்டும் வாஷிங்டன் தரவில்லை. கை மாறினால் பயணிகள் விமானத்துக்கே ஆபத்து என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள் வந்தபோது வாடிக்கையாளருக்குத் தலைக்கு மேல் கூரையே இல்லை.

கணக்கு வைத்த விதம் பாதிக் கிணறு. டோவுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: சுட்டதைப் படம்பிடித்துக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். இணையத்தில் அத்தனை டோ வீடியோக்கள் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அப்படி எதுவும் இல்லை. ஜோர்டான் வழியாக வந்த ஆயுதங்களை அந்நாட்டு உளவு அதிகாரிகள் சிலரே திருடிக் கள்ளச்சந்தையில் விற்றதாக 2016-ல் செய்தி வெளியானது. போய்ச் சேர்ந்த சரக்கும் தங்கவில்லை. டோவை முதலில் பெற்ற குழுக்களில் ஒன்றான ஹஸ்ம் இயக்கத்தை 2015 தொடக்கத்தில் அல்-கொய்தாவின் சிரியக் கிளையான அல்-நுஸ்ரா அடித்து நொறுக்கியது. ஏவுகணைகளும் அதன் கைக்குப் போயின. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் 50 கோடி டாலர் ஒதுக்கி வெளிப்படையாக நடத்திய பயிற்சித் திட்டம் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பென்டகன் திட்டத்தில் பயிற்சி பெற்றுக் களத்தில் நிற்பவர்கள் நாலைந்து பேர்தான் என்று 2015 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி லாயிட் ஆஸ்டின் செனட்டில் ஒப்புக்கொண்டார்.

இனி மூடல். இப்படிப்பட்ட ரகசியத் திட்டம் அதிபரின் கையெழுத்தில் பிறக்கிறது, அவர் சொன்னால் நிற்கிறது. நாடாளுமன்றத்தில் வெளிப்படையான வாக்கெடுப்பு கிடையாது. 2017 ஜூலை 19-ல் முடிவு பத்திரிகையில் கசிந்தது. ஐந்தே நாளில் டிரம்ப் தானே ட்விட்டரில் அதை உறுதிசெய்தார். பேரம் பேசக் கையிலிருந்த சீட்டை மேசையில் போட்டுவிட்டு எழுந்த மாதிரிதான். நிறுத்தியதைவிட, நிறுத்திய முறைதான் தவறு. மூடும்போது செய்ய வேண்டியவை தெரிந்தவையே: கொடுத்ததை வரிசை எண்ணோடு சரிபார்ப்பது, கனரக ஆயுதத்தைத் திரும்ப வாங்குவது, சம்பளத்தைப் படிப்படியாகக் குறைப்பது, ஆட்களுக்குப் போக்கிடம் பேசி முடிப்பது. ஆப்கானில் கொடுத்த ஸ்டிங்கர் என்ற விமான எதிர்ப்புத் தோள் ஏவுகணைகளைத் திரும்ப வாங்க 1990-களில் சிஐஏ பணத்தோடு அலைந்ததும், எல்லாம் திரும்பி வராததும் அதே அலுவலகத்தின் பழைய பாடம்.

தெற்கு சிரியாவில் இதன் விலை தெரிந்தது. 2018 ஜூனில் அரசுப் படை தாரா மீது பாய்ந்தபோது, எங்கள் ராணுவம் வரும் என்று நம்பி முடிவெடுக்காதீர்கள் என்ற செய்திதான் வாஷிங்டனிலிருந்து வந்தது. ஜூலையில் தாரா விழுந்தது. கிளர்ச்சியாளர்களில் ஒரு பகுதியினர் கனரக ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு, ரஷ்யா உருவாக்கிய, சிரிய அரசுப் படையின் ஐந்தாம் படைப்பிரிவில் சேர்ந்தார்கள்.