டல்விச் ஹாம்லெட்டோட சாம்பியன் ஹில் மைதானம்: பல வருஷமா போயிட்டு இருக்கறவனோட அனுபவம்

லண்டன் வர்ற நண்பர்கள் ஃபுட்பால் பாக்கணும்னு சொன்னா எல்லாருமே ஆர்சனலோட எமிரேட்ஸ் இல்லன்னா செல்சியோட ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்தான் கேக்கறாங்க. அதெல்லாம் பாக்க வேண்டியதுதான், ஆனா என்னைக் கேட்டா ஒரு சனிக்கிழமை மத்தியானத்த ஈஸ்ட் டல்விச்சுக்கு ஒதுக்குங்கன்னுதான் சொல்வேன். டல்விச் ஹாம்லெட் 1893ல ஆரம்பிச்ச கிளப், நான்-லீக், அதாவது இங்கிலாந்தோட மேல் நாலு டிவிஷன்ல இருக்கற 92 கிளப்புக்கும் கீழ. அவங்க மைதானம்தான் சாம்பியன் ஹில்.

லண்டன் பிரிட்ஜ்ல ட்ரெயின் ஏறினா ஈஸ்ட் டல்விச் ஸ்டேஷன், அங்க இருந்து நடக்கற தூரம்தான். கிரவுண்டுக்குப் போற ரோட்டுக்குப் பேரு எட்கர் கெய்ல் வே. யாருய்யா இவருன்னு நானும் ஆரம்பத்துல கண்டுக்காம போயிட்டு இருந்தேன், அப்புறம் தெரிஞ்சுக்கிட்டதும் அசந்துட்டேன், சம்பளம் வாங்காத அமெச்சூர் பிளேயரா இருந்துக்கிட்டே 1929ல இங்கிலாந்து டீமுக்கு ஆடி முதல் மேட்ச்லயே ஃபிரான்ஸுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டவரு, பெரிய கிளப்புங்க பக்கம் போகாம டல்விச்சுக்கே ஆடி 400 கோலுக்கு மேல அடிச்சவரு. இன்னைக்கும் அவர் பேர வச்சுப் பாடறாங்க. அந்தப் பாட்டப் பாடறதுல பாதிப் பேரோட தாத்தா கூட அவர் ஆடிப் பாத்திருக்க வாய்ப்பில்ல!

இப்ப இருக்கற ஸ்டேடியம் 1992ல திறந்தது. பழைய கிரவுண்ட் ரொம்பப் பெருசு, 1933 அமெச்சூர் கப் ஃபைனலுக்கு 20,000 பேருக்கு மேல வந்திருக்காங்க. 1948 ஒலிம்பிக்ஸ்ல தென் கொரியா மெக்சிகோவ 5-3ன்னு ஜெயிச்சதும் இங்கதான், ஆகஸ்ட் 2ஆம் தேதி, அந்த நாட்டையே முறைப்படி அறிவிச்சது அதே மாசம் 15ஆம் தேதிதான்னா பாத்துக்கோங்க. அப்புறம் நிலத்துல ஒரு பகுதி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயி, மிச்சத்துல கட்டினதுதான் இந்த 3,000 பேர் கொள்ளளவு ஸ்டேடியம். ஒரு பக்கம் மட்டும்தான் பெரிய ஸ்டாண்ட், மத்த பக்கமெல்லாம் நிக்கறதுதான்.

அந்த நிக்கறதுலதான் எல்லாமே இருக்கு. உங்களுக்குன்னு நம்பர் போட்ட சீட் இல்ல, எங்க வேணா நிக்கலாம். நம்ம டீம் எந்தப் பக்கம் கோல் அடிக்கப் போகுதோ அந்தக் கோலுக்குப் பின்னாடி மொத்தக் கூட்டமும் போயி நிக்கும், ஹாஃப் டைம் ஆச்சுன்னா கொடி, ஸ்கார்ஃப், கையில பீர் கிளாஸ் எல்லாத்தோடயும் அப்படியே எதிர்ப் பக்கம் நடந்து போவாங்க. பெரிய லீக்ல மைதானம் தெரியற இடத்துல சரக்கு குடிக்கக் கூடாதுன்னு 1985லயே சட்டம் போட்டுட்டாங்க, இந்த லெவல்ல அந்தத் தடை இல்ல.

கம்பிய ஒட்டி நின்னா கோல்கீப்பர் தன் டிஃபெண்டர்களத் திட்டறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும், ஸ்லைடிங் டேக்கிள்ல பூட்ஸ் உரசற சத்தம் கேக்கும். டிவியில எத்தன மேட்ச் பாத்தாலும் ஒரு டிஃபெண்டர் தொண்ணூறு நிமிஷமும் பேசிக்கிட்டே இருக்கான்னு எனக்குப் புரிஞ்சது இங்கதான். டல்விச்சுக்குக் கார்னர் கிடைச்சா கூட்டம் பாக்கெட்ல இருந்து சாவிக் கொத்த எடுத்துக் குலுக்கும். வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி எல்லாம் சேர்ந்து கலகலன்னு, பந்து வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் என்னப் பாத்து "சாவி இல்லையா தம்பி"ங்கற மாதிரி தன் கொத்த ஆட்டிக் காட்டினாரு, அன்னைல இருந்து நானும் குலுக்கறேன்.

கிளப் கலர் பிங்க்கும் நேவி ப்ளூவும், வயசு வித்தியாசம் இல்லாம எல்லாரும் பிங்க் ஸ்கார்ஃப் போட்டுக்கிட்டு வர்றது பாக்கவே நல்லா இருக்கும். இனவெறிக்கும் ஓரினச் சேர்க்கையாளர் வெறுப்புக்கும் எதிரா வெளிப்படையா நிக்கற கூட்டம் இது, 2015ல ஓரினச் சேர்க்கையாளர்களோட கிளப்பான ஸ்டோன்வால் எஃப்சி கூட ஃபிரெண்ட்லி மேட்சே ஆடினாங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவனா ஃபுட்பால் கூட்டத்துக்குள்ள போக எனக்குள்ள ஒரு தயக்கம் இருந்துச்சு, இங்க அது சீக்கிரமே போயிருச்சு.

2018 மறக்க முடியாத வருஷம். நில விவகாரத்துல கிளப்ப சொந்த கிரவுண்ட விட்டே வெளிய அனுப்பிட்டாங்க, கிளப் பேரையே வேற ஆளுங்க டிரேட்மார்க் பண்ணி வச்சிருந்த கொடுமையும் நடந்துச்சு. மிச்சம் (Mitcham)ங்கற ஏரியால இருக்கற இம்பீரியல் ஃபீல்ட்ஸ் கிரவுண்ட்ல ஆடினாங்க, டூட்டிங் பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு அது பக்கம்தான். அந்த நெலமையிலயும் யாரு மேல போறதுன்னு முடிவு பண்ற பிளே-ஆஃப் மேட்ச்ல ஹெண்டன் டீமப் பெனால்டியில ஜெயிச்சு மேல் டிவிஷனுக்குப் போனாங்க. வருஷக் கடைசியில சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பினாங்க. ரசிகர்கள் விடாம சத்தம் போட்டதுலதான் அது நடந்துச்சுன்னு நான் உறுதியா நம்பறேன். 2023ல திரும்பக் கீழ இறங்கினாலும் பாட்டுச் சத்தம் குறையல.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். உயரம் கம்மின்னா சீக்கிரம் போயி கம்பிகிட்ட இடம் பிடிங்க, பின்னாடி நின்னா தலைங்கதான் தெரியும். ஜனவரியில தெர்மல் போடாம போகாதீங்க, நின்னுக்கிட்டே இருக்கறதால குளிர் கால்ல இருந்துதான் ஏறும். மழை ஜாஸ்தியா இருந்தா இந்த லெவல்ல மேட்ச் தள்ளிப் போறது சகஜம், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க. அப்புறம் 2019ல இருந்து பெண்கள் டீமும் இருக்கு, அவங்க மேட்ச் இங்க நடக்கற அன்னைக்கு சின்னப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க.